கேளுங்கள், சொல்கிறேன்: சாவி யாரிடம் இருக்கிறது?

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, கனடாவில் இருக்கும் கேண்டர் என்ற ஊரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். வழியில் மாட்டிக்கொண்ட ஆயிரக்கணக்கான விமானப் பயணிகளுக்கு அந்தச் சின்ன ஊர் சோறும் படுக்கையும் கொடுத்துப் பார்த்துக்கொண்டது என்று. அந்த இரண்டு வரிக்கே இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளை எடுத்து வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் வரும்.

அந்த கேண்டர் கதை உண்மைதானா, இல்லை வாட்ஸ்அப்பில் சுற்றுகிற நூறு கதைகளில் ஒன்றா? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
(வாசகர், காரைக்குடி)

உண்மைதான். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் மேல் விமானங்கள் மோதியதும் அமெரிக்கா தன் வான்வெளியை மூடிவிட்டது. அந்த நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய விமானங்கள் அட்லாண்டிக் கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்தன. சில திரும்பிப் போய்விட்டன. பாதிக் கடலைத் தாண்டி வந்துவிட்டவற்றுக்கு அது முடியாது, முன்னே போகவும் அனுமதி இல்லை. சரி, எங்களிடம் இறங்குங்கள் என்றது கனடா. அன்றைக்கு அந்த நாட்டில் இறங்கிய விமானங்கள் 200க்கும் மேல். அதில் 38 பயணி விமானங்கள் நியூஃபவுண்ட்லாந்து தீவில் உள்ள கேண்டரில் வந்து வரிசையாக நின்றன. ஊர் ஜனத்தொகை சுமார் 10,000. வந்து இறங்கியவர்கள் சுமார் 6,600 பேர். மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு விருந்தாளி, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல், மாற்றுத் துணிகூட இல்லாமல்!

அவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு அவ்வளவு பெரிய விமான நிலையம் என்று நீங்கள் கேட்பீர்கள். 1938இல் திறந்தது அது. அந்தக் காலத்து விமானங்களால் ஒரே மூச்சில் அட்லாண்டிக்கைத் தாண்ட முடியாது, கடலோரத் தீவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போகும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவுக்குப் போன போர் விமானங்களில் பலவும் அங்கே நின்றுதான் போயின. அப்புறம் ஜெட் விமானங்கள் வந்தன, நிற்காமல் தலைக்கு மேலேயே பறந்து போய்விட்டன. ஓடுதளம் மட்டும் அப்படியே கிடந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம் செட்டிநாட்டு வீடுகள்தான் ஞாபகம் வந்தன. பர்மா, மலேயா வரவை நம்பிக் கட்டிய வீட்டில் இன்றைக்கு இரண்டு வயசானவர்களும் ஒரு டிவியும் இருக்கிற மாதிரி.

பயணிகளை உடனே வெளியே விடவில்லை. எந்த விமானத்தில் என்ன இருக்கிறதோ என்ற பயம். பல மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள், சிலர் ஒரு நாள் முழுக்க. பெரிய பெட்டிகள் விமானத்தின் வயிற்றிலேயே இருக்கட்டும், கைப்பையோடு இறங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஏற்றிப் போக பஸ் வேண்டுமே. அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிப் பேருந்து டிரைவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். போராட்டத் தட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்கள். எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கோரிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை, வண்டியை மட்டும் எடுத்தார்கள்.

ஊரில் இருந்த ஓட்டல் அறைகளைத் தொட விடாமல் விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், இவர்கள் தூங்கி எழுந்தால்தானே மற்ற எல்லாரும் வீடு போய்ச் சேர முடியும். பயணிகளுக்குப் பள்ளிக்கூடம், மாதா கோயில், சங்கக் கட்டடம், தீயணைப்பு நிலையம். அப்படியும் இடம் போதாமல் லூயிஸ்போர்ட், கேம்போ, ஆப்பிள்டன், கிளென்வுட் என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். தொலைபேசி நிறுவனத்தார் தெருவிலேயே மேஜை போட்டுப் போன்களை வைத்துவிட்டார்கள், எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் காசில்லாமல் பேசலாம். பெட்டியில் மாத்திரையை வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! மருந்துக்கடைக்காரர்கள் பயணிகளின் சொந்த ஊர் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, இங்கே அந்த மாத்திரைக்கு என்ன பெயர் என்று கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். குளிக்க வீட்டுக்கு வாருங்கள் என்று ஊர்க்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் அப்படியே வீட்டிலேயே தங்கவும் வைத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் பலர் அங்கே நாலைந்து நாள் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, நியூஃபவுண்ட்லாந்துக் கடிகாரமும் நம்முடையது மாதிரி உலகப் பொது நேரத்திலிருந்து அரை மணிக் கணக்கில் விலகி ஓடுவது. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரிந்ததும் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் 40 பேர் சாப்பிட வந்தாலே எனக்கு முதல் நாள் ராத்திரி தூக்கம் போய்விடும். 6,600 பேருக்கு எப்படிச் சமைத்தார்கள்?
(வாசகி, தேவகோட்டை)

ஆச்சி, கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள்தான் கேட்டீர்கள். மற்றவர்கள் எல்லாரும் மனசு மனசு என்றே எழுதியிருக்கிறார்கள், அடுப்பைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒரே இடத்தில் சமைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் செய்து, மூடிபோட்டு, அந்தந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பிரச்சினை சமைப்பதில் வரவில்லை, வைப்பதில்தான் வந்தது. இவ்வளவு சாப்பாட்டை, பாலை, கறியை எங்கே கெடாமல் வைப்பது? ஊரில் ஐஸ் ஹாக்கி விளையாடுகிற அரங்கம் ஒன்று உண்டு, தரை முழுக்கப் பனிக்கட்டி. அதையே குளிர்பதனப் பெட்டி ஆக்கிவிட்டார்கள். உலகத்தில் நாம் உள்ளே நடந்து போகக்கூடிய மிகப் பெரிய ஃபிரிட்ஜ் என்று அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம்.

நம் பக்கம் அப்படி ஒரு பொருள் இருந்தது, அதைத்தான் நாம் எடைக்குப் போட்டுவிட்டோம். இரண்டாங்கட்டுக்குப் பின்னால் இருட்டு அறையில் அடுக்கியிருக்குமே, அண்டா, குண்டான், போகிணி, நூறு பேருக்குச் சோறு வடிக்கிற தவலை, ஒவ்வொன்றிலும் வீட்டு விலாசம் வெட்டி. கல்யாணத்துக்கும், அறுபது எண்பது வயசில் செய்கிற சாந்திக்கும்தான் வெளியே வரும், மற்ற நாளில் தூசி. ஆனால் ஒரு ராத்திரியில் 300 பேர் வந்து நின்றால் அடுத்த வீட்டில் கேட்க வேண்டாம், கதவைத் திறந்தால் போதும். இப்போது அந்த அண்டாக்களைப் பார்க்க வேண்டும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போங்கள். நான் போன வருஷம் போனபோது எங்கள் பங்காளி வீட்டு விலாசத்தோடேயே ஒரு தவலை கிடந்தது, விலை கேட்டேன், வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

விமானத்தில் நாய், பூனை இருந்திருக்குமே?
(ஏழாம் வகுப்பு மாணவி, புதுவயல்)

இருந்தன கண்ணு. 9 நாய், 10 பூனை, அப்புறம் போனோபோ என்கிற அரிய வகை மனிதக் குரங்கு ஒரு ஜோடி. மனுஷர்களை இறக்கின அவசரத்தில் சரக்கு அறையில் இருந்த இவற்றை யாரும் முதலில் நினைக்கவில்லை. ஊர் விலங்குக் காப்பகத்துப் பெண்கள்தான் விமானத்துக்குள் ஊர்ந்து போய்த் தண்ணீரும் தீனியும் வைத்தார்கள்.

நம் செட்டிநாட்டில் எத்தனை எத்தனை பெரிய வீடுகள். இப்படி ஒரு நிலைமை வந்தால் கேண்டரை நாம் தூக்கிச் சாப்பிட்டுவிட மாட்டோமா?
(வாசகர், கானாடுகாத்தான்)

தம்பி, இடத்தை வைத்துச் சொல்கிறீர்கள். இடம் இருக்கிறதுதான். முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று முன் தெருவிலிருந்து பின் தெரு வரைக்கும் போகிற வீட்டில் ஒரு விமானத்து ஆட்களையே படுக்க வைக்கலாம். நம்மவர்களுக்கு வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பதும் புதிதில்லை. காசிக்குப் போனவன் தெருவில் நிற்கக் கூடாது என்று 1863இலேயே அங்கே நகரத்தார் சத்திரம் வைத்தவர்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடி கிளம்பினால் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனி வரை, வழியில் யார் யாரோ மோரும் பானகமும் நீட்டுகிறார்கள், பெயரையா கேட்கிறார்கள்?

ஆனால் 2018 நவம்பர் 16 காலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கஜா புயல் அடித்த மறுநாள், இல்லை, அதே நாள் விடிகாலை. அறந்தாங்கிப் பக்கமெல்லாம் மரமும் மின்கம்பமும் ரோட்டில் கிடந்தன. ராமேஸ்வரம் போய்விட்டுத் தஞ்சாவூர் போகிற வழியில் ஒரு வடநாட்டு யாத்திரை வேன் எங்கள் ஊரில் நின்றுவிட்டது. இருபது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் வயசானவர்கள், ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. கரண்டும் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

அவர்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே ஊரிலேயே பெரிய வீடு. அந்த வீட்டுக்கு மூன்று பங்காளிகள், ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், மூன்றாமவர் கோயம்புத்தூர். சாவி பார்த்துக்கொள்கிற ஆளிடம். அந்த ஆள் முதல் நாளே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சரி, கோயில் மண்டபத்தைத் திறக்கலாம் என்றால் அந்தச் சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம், தம்பி! அதுவரைக்கும் அந்தப் பாட்டிகள் பூட்டிய வீட்டுத் திண்ணையில், தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே எத்தனை அறை இருக்கிறது என்று எனக்கே கணக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. எதிர்வீட்டில் இட்லி, இன்னொரு வீட்டில் காப்பி, மத்தியானம் சாம்பார் சாதம். ஒரு பையன் கையைக் காட்டியே அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் ரோட்டை வெட்டிச் சரிசெய்ததும் போய்விட்டார்கள். நல்ல மனசு எங்கள் ஊரில் அன்றைக்கு நிறையவே இருந்தது, சாவிதான் இல்லை.

கேண்டரைப் பற்றிப் படிக்கும்போது நான் கவனித்தது அதைத்தான். பள்ளிக்கூடத்தை யார் திறப்பது, கம்பளி எங்கே இருக்கிறது, பஸ்ஸை யார் ஓட்டுவது என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. மேயர் கிளாட் எலியட் அவசர நிலை அறிவித்தார், அவரவர் இடத்துக்கு அவரவர் போய் நின்றார்கள். விமான நிலையத்தை நம்பி வளர்ந்த ஊர் என்பதால் விபத்து நடந்தால் என்ன செய்வது என்ற திட்டமும் கையில் இருந்தது. நாம் அன்பைப் பற்றி மட்டும் பேசி அவர்களைப் புகழ்கிறோம், எனக்கென்னவோ அவர்கள் ஒழுங்கைத்தான் முதலில் புகழத் தோன்றுகிறது.

நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள் வசதியானவர்கள், செய்தார்கள். நாம்?
(வாசகர், திருமயம்)

அதுதான் இல்லை. அந்தத் தீவு காலங்காலமாகக் காட் மீனை நம்பிப் பிழைத்தது. மீன் அருகிப் போனதால் 1992இல் பிடிக்கவே தடை போட்டார்கள். 30,000 பேருக்கு மேல் வேலை போயிற்று, பிள்ளைகள் கனடாவின் மற்ற மாகாணங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். கேண்டர் கடலோர மீனவ ஊர் இல்லை, ஆனால் சுற்றியுள்ள ஊர்களில் பல அப்படிப்பட்டவை. அந்த அடி விழுந்து பத்து வருஷம்கூட ஆகாத ஜனங்கள்தான் கடையில் இருந்த பல் துலக்கும் பிரஷ்ஷையும் குழந்தைத் துணியையும் அள்ளிக் கொடுத்தவர்கள்.

என் தாத்தா பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். அவர்களுக்கும் வழியில் யாராவது உதவியிருப்பார்கள் இல்லையா? அதைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை?
(வாசகர், சிங்கப்பூர்)

எழுதாததற்குக் காரணம், வந்து சேர்ந்தவர்கள் பேச விரும்பவில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான், 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அதற்குள் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கூட்டம் மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்து அக்யாப், சிட்டகாங் வழியாக, இன்னொரு கூட்டம் தமு, இம்பால், திமாப்பூர் வழியாக. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே போனவர்கள் பல்லாயிரம். தமுவிலிருந்து வரும் பாதையில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் கூலியாட்களைக் கொண்டு முகாம் போட்டு, டீயும் சோறும் கொடுத்தார்கள். அது நடந்தது. வெள்ளைக்காரனுக்கு நல்ல வழி, நம்மவனுக்கு வேறு வழி என்று பிரித்ததும் அதே பாதையில்தான் நடந்தது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் ஐயாவும் அப்படி வந்தவர். வட்டிக்கடையில் எடுபிடியாக, அதாவது பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாள் என்கிற உதவி ஏஜெண்ட் ஆகி, கடைசியில் ஒரு வேட்டியோடு நடந்து வந்தார். வழி பற்றி அவர் வாயைத் திறந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான். மலைப் பக்கத்தில் ஒரு ஊரில், ஒரு பெண்பிள்ளை, இலையில் சோறும் உப்பும் வைத்துக் கொடுத்திருக்கிறாள். பாஷை தெரியாது. இவர் கும்பிட்டிருக்கிறார், அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். தொண்ணூறு வயசுக்குப் பக்கம் போகும்போதுகூட, "அந்த ஊர் பேரைக் கேட்கத் தோணலையேடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பற்று வரவு எழுதிப் பழகின மனுஷர், ஒரு பேரேட்டில் ஒரு பக்கம் பெயர் இல்லாமல் நின்றது அவருக்குக் கடைசி வரைக்கும் உறுத்தியது.

உதவி செய்தவர்கள் பணம் வாங்கலாமா?
(வாசகர், பள்ளத்தூர்)

கேண்டரில் வாங்கவில்லை. ஆனால் பயணிகள் விடவில்லை. லூயிஸ்போர்ட்டில் தங்கியிருந்த, டெல்டா நிறுவனத்தின் 15ஆம் எண் விமானத்துப் பயணிகள் திரும்பிப் போகும்போது, ஆகாயத்திலேயே, அந்த ஊர்ப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு என்று ஒரு நிதியைத் தொடங்கினார்கள். அன்றைக்கு ஒப்புக்கொண்ட தொகை சுமார் 15,000 டாலர், பிற்பாடு அது பத்து லட்சம் டாலரைத் தாண்டி வளர்ந்தது. ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா தன் விமானம் ஒன்றுக்கு கேண்டர், ஹாலிஃபாக்ஸ் என்று இரண்டு கனடா ஊர்ப் பெயரையும் வைத்தது.

நமக்கு மொய் தெரியும். வந்ததை நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் ஒரு ரூபாய் கூட வைத்துத் திருப்புவோம். நமக்கு மகமையும் தெரியும், வியாபாரத்தில் வந்ததில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துக் கோயிலுக்கும் குளத்துக்கும் சத்திரத்துக்கும் கொடுப்பது. இந்த மாதிரி உதவிக்கு மொய்க் கணக்கு ஒத்துவராது, மகமைக் கணக்கு ஒத்துவரும். கையில் பணத்தைத் திணிக்காதீர்கள், அந்த ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள்.

எல்லாம் சரி. கொரோனா சமயத்தில் நீங்கள் சொல்கிற இந்த விருந்தோம்பல் எங்கே போயிற்று?
(வாசகி, புதுக்கோட்டை)

சுருக்கென்று இருந்தது அம்மா. பதில் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டதும் பல ஊர்களில் முள்ளை வெட்டிப் போட்டு ரோட்டை அடைத்தார்கள், வெளியாள் வரக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். எங்கள் ஊரும் வைத்தது. ஊரணிக் கரையில் ஒரு வெளி மாநில லாரி நின்றது, டிரைவரும் கிளீனரும். கிளீனர் பையனுக்கு பதினெட்டு வயசு இருக்கலாம். நான் தினமும் சோற்றுப் பொட்டலத்தைக் கரைக்கல் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுவேன், அப்புறம் அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். ஆறு நாள். அவர்கள் குளிக்க ஊரணி இருந்தது, படுக்க லாரி இருந்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீட்டு வளவில் எட்டு அறை சும்மா கிடந்தது. கூப்பிடவில்லை. வீட்டில் வயசான அப்பத்தா இருந்தார், அது உண்மையான காரணம்தான். ஆனாலும் பெயர்கூடக் கேட்கவில்லை பாருங்கள், ஐயா வருத்தப்பட்ட அதே தப்பு.

கேண்டர்காரர்களுக்கும் பயப்படக் காரணம் இருந்தது. அன்றைக்கு எந்த விமானத்தில் எவன் இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? சோதனை போட்டார்கள், காத்திருக்க வைத்தார்கள், அப்புறம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் சோதனை போட்டுத் தீர்க்கக்கூடிய பயம் அது, தொற்றுநோய் அப்படி இல்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

ராத்திரி 11 மணிக்கு உங்கள் ஊரில் எங்கள் வண்டி நின்றுபோனால் யாரைக் கேட்பது?
(வாசகர், மேலூர்)

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. கடை மூடியிருந்தாலும் அவர் உள்ளேதான் படுத்திருப்பார், பலகையைத் தட்டுங்கள். கஜாவுக்கு அப்புறம் மண்டபத்துச் சாவி ஒன்று அவரிடமும், இன்னொன்று பூசாரி வீட்டிலும் இருக்கிறது. அந்தப் பெரிய வீட்டுக்காரர்களுக்கும் எழுதினோம், கோலாலம்பூர்க்காரர் சரி என்றார், சென்னைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பூசாரிக்குப் போன் போடாதீர்கள், எட்டு மணிக்கு மேல் எடுக்க மாட்டார். நேரே போய்க் கதவைத் தட்ட வேண்டும், கொஞ்சம் பலமாக, காது மந்தம். மண்டபத்தில் பாய் இருக்கிறது, தலையணை இல்லை.